நீளமான ஆங்கிலச் சொல்லா? உடைத்துப் படியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? திரையில் நீளமான ஆங்கிலச் சொல் வந்தால், படிக்காமல் ‘ஓகே’யைத் தட்டாதீர்கள். நான் தட்டினேன். ஹார்டு டிஸ்க்கைச் சுத்தம் செய்யும் ஒரு புரோகிராம் ‘இர்ரிவெர்சிபிள்’ என்று எச்சரித்தது. புரியவில்லை, கிளிக் செய்துவிட்டேன். தங்கையின் கல்யாணப் போட்டோக்கள் அத்தனையும் போயின. வேறு காப்பியும் இல்லை.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். இர் என்றால் இல்லை. ரி என்றால் பின்னோக்கி. வெர்ஸ் என்றால் திருப்புதல். இபிள் என்றால் முடியும். மொத்தத்தில், ‘பழைய நிலைக்குத் திருப்ப முடியாது’. சொல்லே சொல்லியிருக்கிறது!

1. முன்னொட்டைப் பாருங்கள்: அன், டிஸ், இன், இம், இல், இர் ஆகியவை பெரும்பாலும் ‘இல்லை’ என்பதைக் குறிக்கும். இன்ஸ்டால் என்பதில் வரும் ‘இன்’ மட்டும் வேறு, அது ‘உள்ளே’.

2. அசை பிரியுங்கள்: பள்ளியில் குறளை அலகிட்டோமே, அதுபோலத்தான். ஆனால் நிரையசையில் இரண்டு உயிரோசை வரும். ஆங்கிலத்தில் ஓர் அசைக்கு ஓர் உயிரோசைதான். கன்-ஃபி-கு-ரே-ஷன்: ஐந்து அசை.

3. அழுத்தம் எங்கே? தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். ‘ரெ’யை அழுத்தினால் ரெக்கார்ட் என்பது பதிவு, பின்பகுதியை அழுத்தி ரிக்கார்ட் என்றால் பதிவு செய்தல். சர்வீஸ் ஆளிடம் போனில் பேசும்போது அழுத்தம் தவறினால், நாம் சொல்வது அவருக்குப் புரியாமல் போகலாம்.

இதற்கு ஒரு சுலபமான விதி உண்டு. ‘ஷன்’ என்று முடிந்தால், அதற்கு முந்தைய அசையை அழுத்துங்கள். ‘இடி’ என்று முடிந்தாலும் அப்படியே. வில்லியனூர், பாகூர் பக்கத்தில் நாம் தினமும் சொல்லும் ‘கொம்யூன்’ பஞ்சாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற சொல். ‘பொது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கம்யூனிடி, கம்யூனிகேஷன் இரண்டும் அதன் உறவினர்களே. முதலாவதில் ‘யூ’வை அழுத்த வேண்டும், இரண்டாவதில் ‘கே’யை.

அகராதியில் ஓர் அசைக்கு முன்னால், மேலே சிறு கோடு இருந்தால் அழுத்தம் அந்த அசையில். இணைய அகராதி என்றால் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து காதாலும் கேட்டுக்கொள்ளலாம்.

பயிற்சி: ‘கம்பேடிபிலிடி’யைப் பிரித்து அழுத்தம் சொல்லுங்கள்.

விடை: கம்-பே-டி-பி-லி-டி. அழுத்தம் ‘பி’யில். ஒத்துப்போகும் தன்மை என்று பொருள்.

பிரித்துப் படித்தும் புரியவில்லையா? ‘கேன்சல்’ செய்துவிட்டு, தெரிந்தவரைக் கேளுங்கள். போட்டோக்கள் பத்திரமாக இருக்கும்.