விமானப் பயணமும் நேரக் கணக்கும்

கடல் கடந்து சென்று கல்வியும் பொருளும் தேடுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. மும்பைத் தமிழரின் முன்னோர் பிழைப்புக்காக ஒருமுறை ஊர் விட்டு வந்தவர்கள். அவர்தம் பிள்ளைகளுள் பலர் மறுமுறையும் புறப்படுகின்றனர். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் உண்டு. மாட்டுங்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்வோரும் உண்டு. பாஸ்போர்ட்டும் பெட்டியும் சித்தமானபின் இவர்கள் அறிய வேண்டுவது ஒன்று எஞ்சியுள்ளது. அது நேரக் கணக்கு. நகையை அடகு வைத்து வாங்கிய டிக்கட், இக்கணக்குத் தவறினால் வீணாகும்.

1948 ஜூன் 8ஆம் நாள், ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் விமானம் பம்பாயிலிருந்து புறப்பட்டு, கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி இலண்டன் சென்றது. கப்பலில் பல நாள் சென்றவனுக்குக் கடிகாரம் சிறிது சிறிதாக மாறியது. விமானத்தில் செல்பவனுக்கோ ஒரே நாளில் மாறிவிடுகிறது. காரணம் என்ன?

பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் முன்னோர் கணக்கில் 24 நிமிடம் ஒரு நாழிகை. எனவே 6 பாகைக்கு ஒரு நாழிகை. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டது. மும்பையோ ஏறத்தாழ 73 பாகையில் உள்ளது. இந்த வேறுபாட்டால்தான் பழைய ‘பம்பாய் நேரம்’ இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பின்தங்கியிருந்தது. 1906இல் இந்திய நேரம் வந்த பின்னும் இந்நகரம் தன் நேரத்தை 1955 வரை கைவிடவில்லை. அதற்கும் முன்னர் இரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. அது பம்பாய் நேரத்துக்கு 30 நிமிடம் முந்தியது. ஆகவே சென்னையிலிருந்து வந்திறங்கிய தமிழன் அன்றே கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருந்தது!

இனி, பயணி மறவாமல் கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, தேதி. மும்பையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுகின்றன. டிக்கட்டில் ‘15ஆம் தேதி 1.30 மணி’ என்றிருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருத்தல் வேண்டும். 15ஆம் தேதி இரவு உணவை முடித்துக்கொண்டு செல்பவனுக்கு விமானம் இல்லை.

இரண்டாவது, இடையில் இறங்கி வேறு விமானம் ஏறுதல். இதனை ‘டிரான்ஸிட்’ என்பர். டிக்கட்டில் அச்சிட்டுள்ள நேரம் அந்தந்த ஊரின் நேரமேயாகும். மும்பையில் இரவு 11.30க்குப் புறப்பட்டு, ஐந்தரை மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்குபவன் கைக்கடிகாரத்தில் 5 மணி காண்பான். அங்கோ நேரம் 7.30. அடுத்த விமானம் 8.30க்கு என்றால், மூன்றரை மணி அவகாசம் உண்டென்று அவன் எண்ணிக்கொண்டிருப்பான். உண்மையில் எஞ்சியது ஒரு மணியே. அன்றியும், இரு விமானங்களுக்கும் தனித்தனி டிக்கட் வாங்கினால், இடையில் பெட்டியைப் பெற்று மீண்டும் ஒப்படைக்க நேரலாம். அதற்கு அந்நாட்டு விசாவும் தேவைப்படலாம். மலிவான டிக்கட் என்று மகிழுமுன் இதனை விசாரித்தல் நலம்.

மூன்றாவது, உடல். விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி வரை உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாகும். உதகமண்டலத்தின் உயரம் ஏறக்குறைய 7,350 அடி என்பதை நினைவிற் கொள்க. காற்றும் மிக வறண்டது. எனவே தண்ணீர் அருந்துதல் வேண்டும். நெடுநேரம் அசையாது அமர்ந்தால் காலில் இரத்தம் உறையவுங் கூடும். அவ்வப்போது எழுந்து நடத்தல் வேண்டும். நம் உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. அதன் நுட்பத்தை ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கடிகாரத்தின் ஒரு நாள் 24 மணிக்குச் சற்று அதிகம். ஆதலால் நாள் நீளும் மேற்றிசைப் பயணத்தைவிட, நாள் குறுகும் கீழ்த்திசைப் பயணமே பெரும்பாலோர்க்குக் கடினம். சென்ற ஊரின் பகல் வெளிச்சத்தில் உலாவுவது அதனைத் திருத்த உதவும். இன்சுலின் முதலிய மருந்துகளை வேளை தவறாது கொள்பவர், எந்த ஊர் நேரப்படி கொள்வது என்பதைப் புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மாணவ நண்பர்களே! இங்கே கூட்டலும் கழித்தலும் தவிர வேறு கணிதம் இல்லை. ஆயினும், முதன்முதலாக விமானம் ஏறும் அண்ணனுக்கோ, பேரனைக் காணத் தனியே செல்லும் பாட்டிக்கோ இதனை எடுத்துச் சொல்வார் வீட்டில் ஒருவர் வேண்டும். படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பொறுப்பு நம்முடையது. டிக்கட் வந்த அன்றே, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும், எந்த ஊரில் கடிகாரத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி அவர்கள் கையில் கொடுப்போம்.