தொட்டிக்குள் ஓர் எல்லைப் போர்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது மனத்திற்கு அமைதி தரும் பொழுதுபோக்கு என்பர். ஆனால், அத்தொட்டிக்குள் வாழும் மீன்களுக்கு அது எப்போதும் அமைதியான இடமாக அமைவதில்லை. கடையில் ஒன்றாகக் கூடி நீந்திய விரல் நீளக் குஞ்சுகளை வாங்கி வந்து ஒரே தொட்டியில் விடுகிறோம். சில மாதங்கள் கழிகின்றன. ஒரு மீன் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்கிறது. மற்றவை துடுப்புகள் கிழிந்து மூலையில் ஒடுங்குகின்றன. மத்திய அமெரிக்கச் சிக்லிட் மீன்களை வளர்ப்போர் பலரும் காணும் காட்சி இது. இம்மீன்கள் ஏன் சண்டையிடுகின்றன? அச்சண்டையை நம்மால் கட்டுப்படுத்த முடியுமா?

சிக்லிட் என்பது மிகப் பெரிய மீன் குடும்பம். நம் சந்தைகளில் விற்கப்படும் திலாப்பியாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இக்குடும்பத்து மீன்கள் பல, மெக்சிகோவின் தென்பகுதி முதல் பனாமா வரையுள்ள ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்கின்றன. உடலில் கறுப்புப் பட்டைகளைக் கொண்டது கான்விக்ட் சிக்லிட். அக்காலக் கைதிகளின் கோடு போட்ட உடையை நினைவூட்டுவதால், ‘கைதி’ எனப் பொருள்படும் இப்பெயர் அதற்கு அமைந்தது. தொண்டைப் பகுதி செந்நிறமாக ஒளிரும் மீன் ஃபயர்மவுத், அதாவது நெருப்புவாய். 1919 முதல் 1926 வரை உலகக் குத்துச்சண்டை வாகையராக விளங்கிய அமெரிக்கர் ஜாக் டெம்ப்சியின் பெயரை மற்றொரு மீன் தாங்கியுள்ளது. நிக்காராகுவா நாட்டு ஏரிகளில் வாழும் மைடாஸ் சிக்லிட்டும் ஜாகுவார் சிக்லிட்டும் உருவத்தில் பெரியவை.

இப்பெயர்களைக் கேட்டவுடன் இவை இயல்பிலேயே கொடிய மீன்கள் என்று முடிவு செய்துவிடக் கூடாது. முட்டையிட்டதும் அவற்றை விட்டு விலகிச் செல்லும் மீன்களே உலகில் மிகுதி. மத்திய அமெரிக்கச் சிக்லிட்டுகளோ பொறுப்பான பெற்றோர். ஆணும் பெண்ணும் இணைசேர்ந்து ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அங்குள்ள கல்லையோ குகைச் சுவரையோ வாயால் தூய்மை செய்கின்றன. அதில் முட்டைகளை ஒட்டுகின்றன. கான்விக்ட் மீனின் முட்டைகள் ஏறத்தாழ மூன்று நாள்களில் பொரிகின்றன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும் பெற்றோர் பல வாரங்கள் அவற்றைச் சூழ்ந்து காவல் காக்கின்றன. மைடாஸ் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் வழவழப்பான படலத்தையும் கொறித்து உண்கின்றன. ஆகவே, நாம் சண்டை என்று கருதுவதில் பெரும்பகுதி, இருப்பிடத்தையும் பிள்ளைகளையும் காக்கும் முயற்சியே ஆகும்.

அப்படியானால் ஏரியில் அவை எவ்வாறு வாழ்கின்றன? அங்கும் மோதல் உண்டு. இரு மீன்கள் எதிரெதிரே நின்று துடுப்புகளை விரிக்கும்; நிறத்தை மாற்றும்; செவுள் மூடிகளை அகட்டி உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதிலும் முடிவு எட்டாவிட்டால், வாயோடு வாய் கவ்வி இழுக்கும். தோற்ற மீன் விலகி நீந்திவிடும். அது எல்லையைத் தாண்டியதும் வென்ற மீன் துரத்துவதை நிறுத்திவிடும். தொட்டியிலோ தோற்ற மீன் எங்கே போகும்? எத்திசையில் ஓடினாலும் கண்ணாடிச் சுவர்தான். வென்ற மீனின் கண்களுக்கு அது இன்னும் தன் எல்லைக்குள் நிற்கும் எதிரியாகவே தெரிகிறது. எனவேதான் ஏரியில் சில நொடிகளில் முடியும் மோதல், தொட்டியில் ஓர் உயிர் போகும்வரை தொடர்கிறது. இவ்வுண்மையைப் புரிந்துகொள்வதே சிக்லிட் வளர்ப்பின் முதல் பாடம்.

இரண்டாவது பாடம், சேர்க்கையைத் தேர்ந்தெடுப்பது. கடையில் காணும் அளவை நம்பாமல், மீன் முழு வளர்ச்சியில் எட்டும் அளவை அறிய வேண்டும். கான்விக்ட் 10 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும். நெருப்புவாய் ஏறத்தாழ 15 சென்டிமீட்டரை எட்டும். ஜாக் டெம்ப்சி 20 சென்டிமீட்டரையும் தாண்டும். ஜாகுவார் சிக்லிட் 40 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. மேலும், அது பிற மீன்களைப் பிடித்துத் தின்னும் வேட்டை மீன். அதனுடன் கான்விக்ட் மீனை விடுவது, உணவை விடுவதற்கு ஒப்பாகும்.

அளவு மட்டும் போதாது. குணத்தையும் பார்க்க வேண்டும். நெருப்புவாய் செஞ்செவுளை விரித்து அச்சுறுத்தும். எனினும், பெரும்பாலும் மிரட்டலோடு நின்றுவிடும். அதைவிடச் சிறிய கான்விக்டோ, குஞ்சுகள் இருக்கும்போது தன்னைவிடப் பெரிய மீனையும் கடித்துத் துரத்தும். நிறமும் வடிவமும் ஒத்த மீன்கள் ஒன்றையொன்று போட்டியாகக் கருதுவதால், தோற்றத்தில் வேறுபட்ட இனங்களைச் சேர்ப்பதே நன்று. நிறத்திற்கு இன்னொரு விளைவும் உண்டு. மைடாஸ் மீன்களில் பொன்னிறத்தவையும் சாம்பல் நிறத்தவையும் உள்ளன. ஒரே அளவுடைய இரண்டு மோதினால் பொன்னிற மீனே பெரும்பாலும் வெல்கிறது என்று, அவற்றை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் பார்லோ கண்டறிந்தார்.

மூன்றாவது பாடம், இடத்தை அமைப்பது. இம்மீன்கள் தரையையே எல்லையாகப் பிரித்துக்கொள்வதால், தொட்டியின் உயரத்தைவிட அடிப்பரப்பே முக்கியம். 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 240 லிட்டர் நீர் கொள்ளும். அதில் ஓர் இணை நெருப்புவாய் மீன்களையும், அவற்றின் தாயகப் பகுதியிலேயே வாழும் வாள்வால் மீன்கள் சிலவற்றையும் வளர்க்கலாம். மேற்பரப்பில் வாள்வால் மீன்கள் அச்சமின்றித் திரிவதைக் கண்டால் சிக்லிட்டுகளும் கலவரமின்றி வெளியே வரும். கற்களையும் மரவேர்களையும் தொட்டியின் குறுக்கே நிறுத்தினால் ஒரு மீனின் பார்வையிலிருந்து மற்றொன்று மறைய வழி பிறக்கும். பார்வை மறைந்தால் பகையும் தணியும். இம்மீன்கள் மணலைத் தோண்டும் இயல்புடையவை. ஆதலால், கனமான கற்களை முதலில் தொட்டியின் அடியில் உறுதியாக வைத்துவிட்டுப் பிறகே மணலை இட வேண்டும். இல்லையேல், கல் சரிந்து மீனும் மடியும், கண்ணாடியும் உடையும்.

புதிய மீனைச் சேர்க்கும் நாளில் கற்களின் இடத்தை மாற்றி அடுக்குவது நல்ல பலன் தரும். பழைய எல்லைகள் கலைவதால், பழைய மீனும் புதிய மீனும் ஒரே நேரத்தில் இடம் தேடத் தொடங்கும். சாந்தமான மீன்களை முதலிலும் முரட்டு மீனைக் கடைசியிலும் விடுவது மற்றொரு வழி. அதன் பிறகு நாள்தோறும் கவனிக்க வேண்டும். ஒரு மீன் நீரின் மேல்மூலையில் ஒதுங்கி நிற்பது, உணவுக்கு வராமலிருப்பது, துடுப்பு கிழிந்திருப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அவற்றைக் கண்ட அன்றே அம்மீனை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். ‘பழகிவிடும்’ என்று காத்திருந்தால் மறுநாள் காலையில் இறந்த மீனையே காண நேரிடும்.

தொட்டியைச் சிறிதளவு பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? இளம் மைடாஸ் மீன்களை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் ரோனல்ட் ஓல்ட்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. சிறிய மாற்றங்களால் சண்டை குறையவில்லை. மிகப் பெரிய, மறைவிடங்கள் நிறைந்த சூழலில்தான் அது குறைந்தது. எனவே, போதிய இடம் தர இயலாதவர்கள் பெரிய சிக்லிட் மீன்களை வாங்காமலிருப்பதே அறிவுடைமை.

இதில் நம் நாட்டிற்கும் ஒரு பாடம் உண்டு. மத்திய அமெரிக்கச் சிக்லிட்டுகளைக் கலப்பினம் செய்து, 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்டதே ஃபிளவர்ஹார்ன் மீன். புடைத்த நெற்றியும் பளிச்சிடும் நிறமும் கொண்ட அம்மீனைப் பலர் விரும்பி வாங்கினர். ஆனால், அதுவும் எல்லை காக்கும் மீனே. வளர்க்க முடியாதவர்கள் கைவிட்ட மீன்கள் இன்று மலேசிய, சிங்கப்பூர் நீர்நிலைகளில் காணப்படுகின்றன. தொட்டியில் மற்ற மீன்களைத் துரத்தும் மீன், ஆற்றில் நம் நாட்டு மீன்களின் இடத்தையும் உணவையும் பறிக்கிறது. வளர்க்க இயலாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். வசதியுள்ள வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். ஆற்றிலோ குளத்திலோ மட்டும் விடவே கூடாது.

ஆகவே, மீன் வாங்கச் செல்லும்முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இம்மீன் எவ்வளவு பெரிதாக வளரும்? அது தனதென்று காக்கும் அளவுக்குத் தொட்டியில் இடம் உள்ளதா? சண்டையில் தோற்கும் மீன் எங்கே போகும்? மூன்றாவது கேள்விக்கு விடையாக வீட்டில் இன்னொரு தொட்டி ஆயத்தமாக இருக்கட்டும். மீனை அதன் பிறகு வாங்கலாம்.