முனியாண்டிக்குச் சுருட்டு

அன்புள்ள மருமகனே,

கேமரன் மலையின் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில், "கல்லுக்கு எதுக்கு மாமா சுருட்டு?" என்று கேட்டாய். வண்டியில் சொல்லி முடிகிற கதையா அது? அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கல்தான் முனியாண்டி. ரஸ்ஸல் துரை 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தை 1929-இல் தொடங்கியபோது இந்த மலையெல்லாம் பெருங்காடு. மலாயாவில் காடழித்த தோட்டங்களில், வெட்டிய நிலம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் நம்மவர்கள் ஒரு கல்லை நட்டுச் சூலம் செருகினார்கள். ஊரெல்லையில் காவல் நின்ற சாமிக்கு இங்கேயும் அதே வேலை.

சூலத்தில் எலுமிச்சம்பழம் குத்தி, சுருட்டைப் பற்றவைத்துப் பீடத்து விளிம்பில், நெருப்பு வெளியே நீட்டியிருக்கும்படி வைப்பார்கள். மலைப்பனியில் நமுத்த சுருட்டு லேசில் பிடிக்காது. பூசாரி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பற்றவைப்பார். சாராயமும் சேவலும் உண்டு.

காட்டுக்குப் பயந்து நடப்பதில் நமக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். சீனர்கள் சிவப்பு மாடத்தில் டத்தோ கோங்கை வைத்துக் கும்பிடுவார்கள். அவர் மலாய் மண்ணின் காவலர் என்பதால் வெற்றிலை படைப்பார்கள். பன்றி இறைச்சி ஆகாது. இந்த மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்களோ, விலங்கைக் கேலி செய்து சிரித்தால் இடியும் புயலும் வரும் என்பார்கள். மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டாதே. அம்மை கண்டால் வேப்பிலை போதும், டாக்டர் வேண்டாம் என்ற பேச்சு நம்மிடையே வெகுநாள் இருந்தது. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்ததற்குக் காரணம் தடுப்பூசி. மாரியம்மனை நானும் கும்பிடுகிறவன்தான். வாசலில் வேப்பிலை செருகு, கிளினிக்குக்கும் போ.

இப்போது கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்து ஆட்கள். நம் பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட்டார்கள். எந்தக் கல்லை யார் நட்டது என்று சொல்ல லயத்துப் பாட்டிமார்தான் மிச்சம்.

அடுத்த முறை நோட்டுப் புத்தகத்தோடு போ. "இதெல்லாம் நிஜமா பாட்டி?" என்று ஆரம்பிக்காதே, வாயைத் திறக்க மாட்டார்கள். கல் எந்தக் குடும்பத்துப் பொறுப்பு, எந்தக் கிழமை படையல், பொம்பளைகள் கிட்டே போகலாமா என்று கேள். கடைசிக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும். அத்தனையையும் எழுதிக்கொள்.

அன்புடன்,
மாமா