முதுமையில் அறிவு நலம் காத்தல்

மூப்பு வந்தால் மறதியும் உடன் வரும் என்று நம்மவர் கூறிவருவது வழக்கம். இக்கூற்றில் ஒரு பகுதியே உண்மை. வயது ஏற ஏற நினைவின் விரைவு குறைதல் இயல்பு. ஆனால், அறிவே தேய்ந்துபோதல் மூப்பின் இயல்பன்று, அது நோய். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுவதால், திருத்தக்கூடிய குறைகளும் கவனிப்பாரற்றுப் போகின்றன. ஆகவே இவற்றைப் பிரித்தறிதல் இல்லறத்தார் ஒவ்வொருவர்க்கும் கடமையாகிறது.

இயல்பான மறதியும் நோயும்

ஒருவரது பெயர் உடனே தோன்றாமல் சற்று நேரம் கழித்து நினைவுக்கு வருவது இயல்பான மறதி. நாள்தோறும் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்றல், பழகிய சமையலில் முறை தவறுதல், கொடுக்கல் வாங்கலில் தடுமாறுதல், கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டல் ஆகியவை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இளமையில் மனப்பாடம் செய்த தோத்திரங்களைப் பிழையின்றி ஓதும் பெரியவர், அன்று காலையில் உண்டதை மறந்திருக்கக்கூடும். பழைய நினைவு நெடுநாள் நிலைத்திருக்கும்; புதியதைப் பதியவைக்கும் ஆற்றலே பெரும்பாலும் முதலில் குன்றும். ஆதலால், பாராயணம் தவறவில்லை என்பதைக் கொண்டு நினைவு முழுதும் நலமாக உள்ளது என்று ஆறுதல் கொள்ளலாகாது.

அளவுகோலும் ஆளும்

நினைவாற்றலை அளக்க 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்ட குறுந்தேர்வு ஒன்று உலகெங்கும் பரவியது. அதில் வாக்கியம் ஒன்றை எழுதச் சொல்வர். 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வர். பள்ளி சென்றறியாத மூதாட்டி, நோய் இல்லாதவராயினும் இதில் குறைந்த மதிப்பெண்ணே பெறுவார். இதனை உணர்ந்த இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள், 1990களில் அரியானா மாநிலத்துப் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் ஆய்வு நடத்தியபோது, எழுத்தறியாதார்க்கும் பொருந்துமாறு அத்தேர்வை இந்தியில் மாற்றி அமைத்தனர்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பெரியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது அவரது படிப்பு, தாய்மொழி, செய்துவந்த தொழில் ஆகியவற்றை முதலில் கூறுக. முன்பு எளிதாகச் செய்த எந்தச் செயல் இப்போது இயலவில்லை என்பதையும், எப்போது தொடங்கியது என்பதையும் எழுதிக்கொண்டு செல்க.

பயிற்சியின் பயன்

ஐதராபாத்தில் மறதி நோயுற்ற 648 பேரை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்று குறிப்பிடத்தக்கது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்க்கு, ஒரே மொழி பேசியவரைவிட ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாழ்த்தே நோய்க்குறிகள் தோன்றின. எழுத்தறியாதாரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் யாவும் இதனை ஒருமித்து ஏற்கவில்லை. எனினும், அறிவுக்கு இடையறாத வேலை வேண்டும் என்னும் கருத்துக்கு இது துணைசெய்கிறது.

2024ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மாற்றத்தக்க 14 காரணங்களைத் தொகுத்தது. கல்விக் குறைவு, செவிக் குறை, பார்வைக் குறை, இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம் ஆகியன அவற்றுட் சில. அனைத்தையும் நீக்க முடிந்தால், உலகில் மறதி நோயின் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என அது கணித்தது.

நம் இல்லங்களில் கவனிக்கத்தக்கவை

1. புலால் உண்ணாதார்க்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்பு அதிகம். இக்குறைவு மறதியையும் கால் மரப்பையும் உண்டாக்கும். பாலிலும் தயிரிலும் இச்சத்து உண்டு. ஆயினும் முதியோர்க்கு அது போதாமற்போகலாம். நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் உண்பவர்க்கு மேலும் குறையக்கூடும். இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். காலத்தே கண்டால் மருந்தால் திருத்தலாம். தைராய்டு குறைவும் இத்தகையதே.

2. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர், கதிர் மறையுமுன் உண்டு நெடுநேரம் வெறுவயிற்றுடன் இருந்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து அறிவு குழம்பலாம். உண்ணும் நேரத்தையும் உபவாச நாட்களையும் மருத்துவரிடம் முன்பே கூறி, மருந்தின் அளவை அமைத்துக்கொள்க.

3. செவி மந்தமானவர் உரையாடலினின்று ஒதுங்குவர். ஒதுக்கம் அறிவை மழுங்கச் செய்யும். செவிக்கருவியும் கண்புரை சிகிச்சையும் வீண்செலவு அல்ல.

4. மனப்பாடமானதையே ஓதுவதோடு நில்லாது, புதிய நூல் ஒன்றைப் பயின்று, அதன் பொருளைப் பேரக்குழந்தைகளுக்கு விளக்கிக் கூறச் செய்க. நாள்தோறும் நடக்கச் செய்க.

திடீரெனத் தோன்றும் குழப்பத்துக்கு மட்டும் நாள் பார்த்தல் ஆகாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

சிந்தனைக்கு

1. நம் இல்லத்துப் பெரியவர் கடந்த ஓராண்டில் கைவிட்ட செயல்கள் யாவை? ஏன்?
2. அவரது பி12 அளவும் செவித்திறனும் எப்போது சோதிக்கப்பட்டன?
3. நாள்தோறும் அவருடன் அமர்ந்து உரையாடுபவர் யார்?