வரைகலை அட்டையும் பழங்கணினியும்

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் திரைக்கென ஒருநிற அட்டை ஒன்றையும் விற்றது. நிரைக்கு 80 எழுத்தாக 25 நிரைகள் அதில் தோன்றும். ஓரெழுத்துக்குரிய கட்டம் 9 புள்ளி அகலமும் 14 புள்ளி உயரமும் உடையது. ஆதலின் எழுத்துக்கள் மிகத் தெளிவாயிருந்தன. ஆயின் எவ்வெழுத்துக்கள்? தொழிற்சாலையிலேயே அட்டையிற் பதித்துவிட்ட 256 வடிவங்கள் மாத்திரமே. கணினி புள்ளிகளை அனுப்புவதில்லை. 65ஆம் வடிவத்தை இன்ன இடத்தில் இடுக என எண்ணையே அனுப்பும். அவ்வரிசையில் இல்லாத வரிவடிவம் திரையிலும் இல்லை.

அந்நிறுவனத்தின் வண்ண அட்டை புள்ளி புள்ளியாக வரைய இடந்தந்தது. எனினும் அதன் நுண்மை 640க்கு 200. அவ்வளவில் 25 நிரை எழுதின், ஓரெழுத்தின் உயரம் 8 புள்ளியாகும். நம் ‘ஞூ’வை 8 வரியுள் அடக்க முயன்று பார்ப்பவர்க்கு இதன் இடர் விளங்கும்.

கலிபோர்ணியாவில் இருந்த தாய்லாந்து நாட்டவரான வான் சுவன்னுகுல் என்பார், தம் கலாநிதிப் பட்ட ஆய்வுரையைத் தம் தாய்மொழி எழுத்தில் அக்கணினியிலே எழுத விரும்பினார். மேற்கூறிய இரண்டு அட்டைகளும் அதற்கு உதவா. ஆகவே 1982இல் தாமே ஓர் அட்டை அமைத்தார். அதுவே ஹேர்க்கியூலிஸ் வரைகலை அட்டை. ஒருநிறத் திரையையே கொண்டு, 720க்கு 348 என்ற நுண்மையில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனி ஏற்றவும் அணைக்கவும் அது வல்லது. புள்ளிக்கு ஒரு துணுக்காகக் கணக்கிடின் ஒரு திரைக்கு 31,320 பைற்று வேண்டும். அட்டையிலிருந்த 64 கிலோபைற்று நினைவகத்தில் இரண்டு திரைகள் அடங்கின. திரையின் உயரம் 350 வரியன்றோ, இரண்டு வரி எங்கே போயின என மாணவர் கேட்பர். அட்டையின் நினைவகம் வரிகளை நந்நான்காகப் பகுத்து வைத்தது. 350 நான்கால் வகுபடாது, 348 வகுபடும்.

ஐ.பி.எம். தன் கணினியின் மின்சுற்று விவரங்களை நூலாக வெளியிட்டிருந்தமையாலேயே பிறர் இவ்வாறு அட்டை செய்தல் இயன்றது. இது சிறு செய்தியன்று. அப்பொருத்துவாய் மூடுபொருளாயிருப்பின், தாய்லாந்து எழுத்துக்கு அவர் காத்திருக்கவே நேர்ந்திருக்கும்.

இனி நம்மூர்க்கு வருவோம். தலைமன்னார் மாணவன் ஒருவன், 1964ஆம் ஆண்டு திசெம்பர்ச் சூறாவளிக்கு முன்னிருந்த இறங்குதுறையை முப்பரிமாணச் சித்திரமாக அமைக்க முயன்றான். பிளெண்டர் என்னும் மென்பொருள் இலவசம்; கணினியோ 2011ஆம் ஆண்டுக் காலத்து அலுவலகக் கணினி. 2019இல் வெளிவந்த பிளெண்டர் 2.80 ஓப்பின்ஜிஎல் 3.3 என்னும் வரைகலை நியமத்தை வேண்டும். அவன் கணினியின் உட்பொதி வரைகலையோ 3.1 உடன் நின்றுவிட்டது. மென்பொருள் மெதுவாக ஓடவில்லை, திறக்கவே மறுத்தது. புதுக் கணினி வாங்கவும் வழியில்லை. 2022இல் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த விலை 360 அளவுக்கு ஏறியதை யாவரும் அறிவோம். அட்டை ஒன்றே வழி.

அளக்க வேண்டியது முதலில் மின்வலு. தாய்ப்பலகையின் நீண்ட பொருத்துவாய் உச்சமாக 75 உவாற்று வழங்கும். அதற்கு மேல் உண்ணும் அட்டைக்குத் தனிக் கம்பி வேண்டும். 240 உவாற்று மின்வழங்கியுள்ள சிறு பெட்டிகளில் அக்கம்பி பெரும்பாலும் இராது. 2017இல் வந்த என்விடியா ஜீ.டீ. 1030 ஏறக்குறைய 30 உவாற்றுடன் அமையும். ஆனால் இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. 2018இல் அதே பெயரில் மலிந்த நினைவகத்துடன் வேறோர் அட்டை வந்தது. நினைவக வேகம் முன்னதில் மூன்றிலொரு பங்களவே. உறையில் ‘டீ.டீ.ஆர். 4’ என்றிருப்பதை விடுத்து ‘ஜீ.டீ.டீ.ஆர். 5’ என்றிருப்பதையே கேட்டு வாங்குக. பழந்தாய்ப்பலகை சில புது அட்டையை ஏற்கா. மாற்றித் தர உடன்படும் கடையையே நாடுக.

யான் வவுனியாவில் வாங்கிக் கொடுத்த அட்டையின் உலோகத் தகடு முழு உயரத்தது. மாணவனின் பெட்டியோ ஒடுங்கியது. குட்டைத் தகடும் உறையில் உண்டு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்; திறந்தபோது காணோம். மறுபடியும் பேருந்து ஏறினேன்.

நம் தீவில் மற்றொரு கவலையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மணலையும் உப்பையும் வீட்டினுள்ளே கொணரும். மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு, பழந்தூசியைத் தூரிகையால் நீக்கிய பின்னரே அட்டையைச் செருகுக. பொருத்துவாயிற் பூட்டு விழும் ஓசை கேட்கவேண்டும். பெட்டியைக் காற்றுவாக்கான சாளரத்தின்கீழ் வைப்பது குளிர்ச்சியென்று பலர் எண்ணுவர். இங்கு அது கேடு.

பூட்டி முடித்து மின்னேற்றினோம். திரை இருண்டே கிடந்தது. மாணவனின் முகமும் அவ்வாறே. ஆராய்ந்தபோது, திரைக்கம்பி பழக்கத்தால் தாய்ப்பலகையின் வாயிலேயே செருகப்பட்டிருந்தது. அட்டைக்கு மாற்றலாமெனின், அவனது பழந்திரைக்கு வீ.ஜீ.ஏ. வாய் ஒன்றே, இவ்வட்டைக்கு அது இல்லை. எச்.டீ.எம்.ஐ. வழி மாற்றும் சிறு கருவியொன்றை அயல்வீட்டில் இரவல் பெற்றோம். அன்றிரவு பிளெண்டர் திறந்தது. இறங்குதுறையின் முதல் தூண்கள் இரண்டை அவன் நாட்டியபோது மணி பதினொன்று.