திறந்த உரிமமும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும்

பொதுப் பணத்தில் உருவாகும் பாடநூலும் ஆய்வறிக்கையும் நிலப்படமும் பலர் கைக்குச் சென்றால்தான் முழுப் பயன் தரும். ஆனால் ஒரு நூல் விலையின்றிக் கிடைப்பது வேறு. அதனை மொழிபெயர்க்கவும் திருத்தி வெளியிடவும் உரிமை இருப்பது வேறு. படைப்பு உருவானவுடனேயே, பதிவு எதுவும் இன்றி, பதிப்புரிமை தோன்றிவிடுகிறது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுவாக ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கிறது. அரசின் படைப்புகளுக்கு அது வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகளாகும்.

உரிமையைக் கைவிடாமலே, பொதுமக்கள் அனைவருக்கும் முன்கூட்டியே அனுமதி வழங்குவது திறந்த உரிமம் எனப்படும். இவ்வகையில் பெரிதும் வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டன. அந்நாட்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட வாசகம் பிற நாடுகளில் அப்படியே செல்லுபடியாகும் என்று கொள்வதற்கில்லை. எனவே ஐம்பதுக்கும் மேற்பட்ட சட்ட எல்லைகளுக்கு அவை தனித்தனியே இசைவு செய்யப்பட்டன. இந்தியப் பதிப்பு 2007-இல் வெளிவந்தது.

சொல்லாததைச் சட்டம் நிரப்பும்

இந்த இசைவு வெறும் மொழிபெயர்ப்பு அன்று. உரிமத்தில் கூறாமல் விட்டவற்றை நாட்டின் சட்டம் தன் விதிகளைக் கொண்டு நிரப்பிவிடும். நம் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடப்படாவிடில் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே எனக் கருதப்படும். இடம் குறிப்பிடப்படாவிடில் இந்திய எல்லைக்குள் மட்டுமே எனக் கொள்ளப்படும். 30ஏ பிரிவு இவ்விதிகளை, தேவையான மாறுதல்களுடன், உரிமங்களுக்கும் பொருத்துகிறது.

ஓர் அரசுத் துறை 2018-இல் 'எவரும் பயன்படுத்தலாம்' என்ற ஒற்றை வரியுடன் ஓர் உழவர் கையேட்டை வெளியிட்டதாகக் கொள்வோம். அதனை வங்காளியில் பெயர்த்து வெளியிட்டு வருபவரின் உரிமை 2023-இல் முடிந்ததாக வாதிட இடமுண்டு. டாக்காவில் அச்சிடுபவருக்கு அந்த வரி தொடக்கத்திலேயே துணை நில்லாது போகலாம். நல்லெண்ணத்துடன் வழங்கியது, நம்பிப் பயன்படுத்தியவரையே வழக்கில் சிக்க வைக்கும். உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும் என வெளிப்படையாக எழுதுவதே இதற்குத் தீர்வாகும்.

ஆசிரியரின் சிறப்புரிமை

மற்றொரு சிக்கல் 57-ஆம் பிரிவில் உள்ளது. பதிப்புரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்த பின்னரும், படைப்பு தம்முடையது என்று கூறவும், தம் மதிப்பைக் குலைக்கும் சிதைவைத் தடுக்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. டில்லி விக்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979-இல் அகற்றப்பட்டுச் சேதமுற்றது. டில்லி உயர் நீதிமன்றம் 2005-இல் அவருக்கு ரூ. 5 லட்சம் இழப்பீடு வழங்கவும், எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் மைய அரசுக்கு உத்தரவிட்டது. மாற்றியமைக்க அனுமதிக்கும் உரிமம் இச்சிறப்புரிமையை மனத்திற்கொண்டே எழுதப்படவேண்டும்.

இன்றைய நிலை

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமத்திற்குக் கையொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. எழுத்தில் இருந்தால் போதும். இதனால் பெயர் தெரியாத பலருக்கு ஒரே அறிவிப்பின் வழியே உரிமம் வழங்குவது எளிதாயிற்று. 2013-இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் நான்காம் பதிப்பு, நாடுதோறும் தனி இசைவு தேவைப்படாத வகையில் எழுதப்பட்டது. உலகளாவிய எல்லையையும் உரிமை நீடிக்கும் முழுக் காலத்தையும் அது வெளிப்படையாகக் கூறுகிறது. ஆசிரியரின் சிறப்புரிமையை, அந்தந்தச் சட்டம் இடந்தரும் அளவிற்கு மட்டும், வலியுறுத்தாமல் விடுகிறது. அரசுத் தரவுகளுக்கெனத் தனி இந்தியத் திறந்த உரிமம் 2017-இல் அறிவிக்கப்பட்டது.

எனினும், எந்த உரிமமும் வழங்குபவரிடம் இல்லாத உரிமையைத் தர இயலாது. ஆகவே வெளியீட்டுக்கு முன் அலுவலர் மூன்றினை உறுதி செய்தல் வேண்டும்: நூலின் உரிமை எவருடையது, அதிலுள்ள பிறர் படங்கள் தனியே குறிக்கப்பட்டுள்ளனவா, உரிமத்தின் பெயரும் பதிப்பெண்ணும் முதற் பக்கங்களில் அச்சாகியுள்ளனவா. இச்சிறு கவனமே, பொதுமக்களுக்கென எழுதிய நூல் அவர்கள் கையில் ஐயமின்றி நிலைக்க வழி செய்யும்.