நாட்பட்ட நோவும் நித்திரையும்

3 திங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை மருத்துவ நூலார் நாட்பட்ட நோவென்பர். அந்நோவுடையார் "நித்திரையில்லை" என முறையிடின், நோவு தணிய அதுவும் வருமெனக் கூறி அனுப்பிவிடுதல் போதாது. நோவு துயிலைக் கெடுப்பதுபோலத் துயிற்குறைவும் மறுநாள் நோவை மிகுவிக்கின்றது. ஆதலின் நித்திரையைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

படுக்கும் நேரம் யாது? கண்ணயர எத்துணை நேரமாகின்றது? இடையில் விழிப்பது நோவினாலா, கவலையினாலா, சிறுநீர் கழித்தற்கா? இவற்றை இரு வாரம் நாட்குறிப்பிற் பதிவித்தல் நன்று. நினைவோ தூங்காத இரவுகளையே பெரிதாக்கிக் காட்டும். 1989இல் வெளிவந்த பிற்ஸ்பேர்க் நித்திரைத் தர அளவை, கடந்த ஒரு மாதத்தைப்பற்றி வினாவி, 0 முதல் 21 வரை புள்ளியிடும். 5க்கு மேற்படின் நித்திரை குறையுடையதென்பர். ஆயின் நோவினால் துயில் கெட்டமையும் அவ்வினாக்களுள் ஒன்றாதலின், நம் நோயாளர் அவ்வரம்பை எளிதிற் கடப்பர். புள்ளியை மாத்திரம் நம்பலாகாது.

உடனுறங்குவோரையும் வினாவுக. குறட்டையும், இடையிடையே மூச்சு நின்றுபோதலும் நோயாளர் தாமே அறியாதவை. மோர்பீன் இனத்து மருந்துண்போர் திறத்தில் இவ்வினாவை ஒருபோதும் விடலாகாது. அம்மருந்து துயிலில் மூச்சை மந்தமாக்கும். நித்திரைக் குளிகையும் உடன்சேரின் உயிருக்கே ஆபத்தாம். மாலையிற் கால்களை அசையாது வைத்திருக்க இயலவில்லையென்பாருக்கு, உடலின் இரும்புச் சேமிப்பை அறியும் இரத்தப் பரிசோதனையும் செய்வித்தல் வேண்டும்.